கைநாட்டு வைக்க மாட்டேன்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்று வளர்த்தது நான்கு. பெறாமல் வளர்த்த மகன் வழிப் பேத்தியையும் சேர்த்தால் ஐந்து. நாற்பது வயதில் எழுத்தறிவு வகுப்புக்குப் போய்க் கையெழுத்துப் போடக் கற்றேன். அதற்கப்புறம் யாரிடமும் கட்டைவிரலை நீட்டியதில்லை.

போன வருடத்திலிருந்து வலது கை தானாக நடுங்குகிறது. எழுத உட்கார்ந்தால் முதல் எழுத்து முந்திரிக்கொட்டை அளவு, கடைசி எழுத்து கடுகளவு. டாக்டர் நடுக்குவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். வருகிற வாரம் பேத்தியின் திருமணப் பதிவு. சாட்சிக் கையெழுத்து என்னுடையதுதான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மகனுக்குக் கவலை. "ஆத்தா, பேசாம கைநாட்டு வச்சிரு."

"பத்தாவத மூணு தடவ எழுதுனவன் எனக்குச் சொல்ல வந்துட்டான்."

பேத்தி திருச்சியில் உயிரணுக்களைப் பற்றிப் படிக்கிறாள். என் கை ஏன் என் பேச்சைக் கேட்கவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

"அப்பத்தா, ஒடம்பு பூரா கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க இருக்கு. ஒவ்வொண்ணும் உள்ளுக்குள்ள புரதம் செஞ்சு, பொட்டலங்கட்டி, சேர வேண்டிய எடத்துக்கு அனுப்பும்."

"நான் கந்தர்வக்கோட்டையில ஒனக்கு முறுக்கு டப்பாவ பஸ்ஸுல குடுத்துவிடுவேனே, அது மாதிரியா?"

"அதேதான். ஒரு தடவ திருச்சி பஸ்ஸுன்னு நெனச்சு ஆவுடையார்கோவில் பஸ்ஸுல குடுத்து விட்டீங்களே, ஞாபகமிருக்கா?"

எப்படி மறக்கும்? இவள் திருச்சி ஸ்டாப்பில் காத்துக்கிடக்க, டப்பா இரண்டு நாள் அங்கிட்டும் இங்கிட்டும் சுற்றிவிட்டுத் தூளாகத் திரும்பி வந்தது.

"ஒங்க மூளையிலயும் சில செல்லுல அப்படித்தான். போய்ச் சேர வேண்டியது சேராம, வெளிய தள்ள வேண்டியது போகாம, உள்ளேயே கட்டிதட்டிப் போகுது. கையசைவுக்குச் சேதி அனுப்புற செல்லுங்க கொஞ்சங்கொஞ்சமா செத்துப்போகுதுங்க. ஏன் அப்படி ஆகுதுன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியல."

"தெரியாததுக்கு எதுக்குடி காலேஜு?"

"தெரிஞ்சுக்கத்தான்."

பதிலுக்குப் பதில் பேசுவதில் என்னையே உரித்து வைத்திருக்கிறாள். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கித் தந்து, மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்து, கோட்டைத் தொடும்படி பெரிதாக எழுதச் சொன்னாள். நான்கு நாளாக எழுதியது இதுதான்.

இந்தாடி, சத்தமாக வாசி. உன் அப்பனும் கேட்கட்டும். தடுமாறாமல் வாசித்துவிட்டால் கையெழுத்து நான்தான் போடுவேன். தடுமாறினால், உன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்ப வாசி.