தண்ணீர் புகுந்த தெருவுக்குக் குடிபோனவர்

சாமிக்கண்ணு சார் காலமான செய்தி அரியலூரிலிருந்து பெரம்பலூர் ஆபீசுக்குப் போனில் வந்தது. நகரமைப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் வரைவாளராக வேலை பார்த்தவன் நான். அதன் பிறகு நாற்காலியில் உட்கார முடியவில்லை. மழையிலேயே பஸ் ஏறினேன்.

எழுபதுகளின் கடைசியில் சிமெண்ட் ஆலை வேலையை நம்பிச் செந்துறை, தா.பழூர் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் அரியலூருக்கு வந்துகொண்டே இருந்தார்கள். குடியிருக்க இடமில்லை. ஊரோரத் தரிசு ஒன்றை மனையாகப் பிரிக்க அனுமதி கேட்டார்கள். சார் பார்க்கப் போனது சித்திரை வெயிலில். நடுவே வறண்ட பள்ளம் ஒன்று கிடந்தது. மழை பொய்த்த வருஷங்கள் அவை. வண்டிப்பாதை என்று நினைத்து, அதையே தெருவாக்கி ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

அது ஓடை. வீடு கட்டிக் குடிவந்த பிறகு, ஓர் ஐப்பசியில் அடுப்படி வரை தண்ணீர் புகுந்தது. ஆபீசுக்கு வந்த ஓர் அம்மாள் கேட்டார்: "நீங்க கையெழுத்துப் போட்ட எடந்தான சார்? ஒரு மழைக்கு வந்து குடியிருந்து பாருங்க."

நாங்கள் முறைத்தோம். சார், "நாயமாத்தான் கேக்குறாங்க" என்றார். அந்த மாதமே அதே தெருவில் வாடகைக்குக் குடிபோனார். அவர் மனைவி வெகுநாள் அவரோடு பேசவில்லை. எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஊர்ல வேற வூடே இல்லையா சார்?"

"இருக்குப்பா. அங்க போனா இத மறந்துடுவேன்."

மழை நாளெல்லாம் நனைந்த வேட்டியோடு மேலதிகாரி முன் சொட்டச் சொட்ட நிற்பார். "வாய்க்கால் வெட்ட உத்தரவு போடுங்க சார், போய் வேட்டி மாத்திட்டு வரேன்." கடைசியில் தெருவை ஒட்டி வாய்க்கால் வெட்டினார்கள். அதற்குப் பிறகும் அவர் வீட்டைக் காலி செய்யவில்லை. யாராவது வாய்க்காலை மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள் என்று பயம்.

நான் போய்ச் சேர்ந்தபோதும் மழை விடவில்லை. வாய்க்கால் கரை நிறைய ஓடியது. தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் பின்னால் புதிதாக வந்த மனைப்பிரிவிலிருந்து அஞ்சலி செலுத்த வந்தவர்கள் முழங்கால் வரை சேறாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நீங்களும் சார் பாத்த வேலைதானுங்களா?"

தலையாட்டினேன்.

"எங்க குடியிருக்கீங்க?"

அதற்குள் பாடையைத் தூக்கினார்கள், ஓடிப்போய்த் தோள் கொடுத்தேன். போய் வாருங்கள் சார். கேள்வி கேட்டவர் செருப்பைக் கையில் பிடித்தபடி இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.