603 என்றால் என்ன தெரியுமா?

இன்று பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இன்டர்நெட் போன் கடைக்குப் போனேன். இந்த ஊரில் கம்ப்யூட்டரை முதலில் தொட்டவனே நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

உள்ளே தெமோதரைத் தோட்டத்துச் செல்லம்மா முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன மகளிடமிருந்து இரண்டு வாரமாகத் தகவல் இல்லையாம். எண்ணை அழுத்தினால் திரையில் 603 என்று மட்டும் வந்து லைன் நின்றுவிடுகிறது.

கடையில் வேலை செய்யும் பிள்ளை, எண்களுக்கு விளக்கம் போட்ட தாளைத் தேடினாள். எனக்கெதற்குத் தாள்?

"கடலுக்கடியில கேபிள் அந்துருச்சுன்னாதான் 603 வரும். கொழும்பு இன்ஜினியருக்கே நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.

செல்லம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்பங்கண்ணே சரியாகும்?"

"கப்பல் வந்து ஒட்டணும். ஒரு மாசம் ஆகும்."

அதற்குள் தாள் கிடைத்துவிட்டது. "மாமா, சும்மா இருங்க. 603னா அந்தப் பக்கம் கட் பண்ணிட்டாங்கன்னு போட்டிருக்கு."

செல்லம்மா துள்ளி எழுந்தாள். "கட் பண்ணுனாளா? அப்ப எம்புள்ள நல்லா இருக்கா!"

எஜமானி பக்கத்தில் இருந்தால் பேச முடியாது, சுகமாக இருந்தால் உடனே கட் பண்ணிவிடுவேன் என்று மகள் போகும்போதே சொல்லியிருந்தாளாம். சிரித்துக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

நான் கேபிள் கதையைக் கிளப்பியிராவிட்டால் அந்தப் பிள்ளை தாளை அவ்வளவு வேகமாகத் தேடியிருக்கமாட்டாள்.

வரும் வழியில் மனைவிக்கு மூன்று தடவை போன் எடுத்தேன். மூன்று தடவையும் கட். சுகமாக இருக்கிறாள் என்றே எடுத்துக்கொள்ளலாமா? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.