நாலாம் வருஷம் கூழாகும் வேர்

மல்சுன்னுக்கு வயது அறுபத்தொன்று. அதில் முப்பத்தெட்டு வருஷம் தொக்பேயோடு குடித்தனம். மனுஷன் குடிக்கமாட்டார், சூதாடமாட்டார். பூவைக் கண்டால் மட்டும் புத்தி பேதலித்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி மணிப்பூச் செடி. அவள் நட்டது வேருக்காக. உப்புப் போட்டுப் பிசைந்து கசப்பெடுத்து, எள்ளெண்ணெயில் வதக்கி, மாமனார் நினைவு நாளில் படைக்க வேண்டும். ஒரே மண்ணில் மூன்று வருஷம்தான் அந்த வேர் நிற்கும். நாலாம் வருஷம் அழுகிவிடும். மூன்றாம் குளிர்காலம் முடிந்ததும் வேறு மண்ணுக்கு மாற்றியாக வேண்டும். அந்த மலையடிவாரத்தில் இது தெரியாத ஆளில்லை. தொக்பேக்கும் தெரியும்.

போன தடவை மாற்ற வேண்டிய வருஷம், "இன்னும் ஒரு வருஷம் பூக்கட்டுமே" என்றார். விட்டுவிட்டாள். தோண்டிப் பார்த்தால் அத்தனையும் கூழ். வேறு வழியில்லாமல் சந்தை வேரைப் படைத்தாள். அவருடைய அக்கா ஒரு வாய் மென்றுவிட்டு, "எங்கப்பாவுக்குக் கடைச் சரக்கா?" என்றாள். அந்தச் சொல் மல்சுன்னுக்கு இன்னும் செரிக்கவில்லை.

இப்போது மறுபடியும் மூன்றாம் குளிர் முடிந்து, உறைந்து கிடந்த மண் இளகியிருந்தது.

"மம்பட்டிய எடுங்க. இன்னைக்கு மாத்திரணும்."

"வேணாம்டி. ஜூலைல அக்கா வருது. பூப் பாக்கணும்னு ஆசையாக் கேட்டுச்சு."

"கடைச் சரக்குன்னு சொன்ன அதே அக்காவா?"

"அது ஏதோ வாய் தவறி..."

"பூவப் பாத்துட்டுப் போயிருவாங்க. படையலுக்கு வந்து என் மூஞ்சியப் பாப்பாங்க!"

"உனக்கு எப்பப் பாரு வேரு, வேருதான்."

"அப்ப நீங்க பூவையே தின்னுக்கங்க!"

தொக்பே கோபித்துக்கொண்டு ஊர்ப் பொது வெந்நீர்க் குளியல் கூடத்துக்குப் போனார். போனால் வர மூன்று மணி நேரம். மல்சுன் ஒண்டியாளாகத் தோண்டினாள். ஓரத்தில் இரண்டு வேர் நுனி நசநசத்திருந்தது. அவற்றைத் தூர எறிந்தாள். மீதியைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் சாய்த்து நட்டாள். திரும்பி வந்தவர் வெறும் பாத்தியைப் பார்த்தார். "கல்நெஞ்சுக்காரி" என்றவர், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஜூலையில் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஊதாவும் வெள்ளையுமாய்ப் பூத்தது. அக்காவும் தம்பியும் முக்காலி போட்டு உட்கார்ந்து, கோழியை விரட்டிக்கொண்டே, உப்பிய மொட்டுகளை டப் டப்பென்று உடைத்துச் சிரித்தார்கள். உடைந்த மொட்டுகளை மல்சுன் கூட்டி அள்ளினாள்.

இலையுதிர்காலத்தில் படையல். கீரைக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று வேர். அக்கா ஒரு வாய் மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள்.

"அட, அந்தப் பழைய கடைச் சரக்குக்கு இது எவ்வளவோ தேவலையே. எந்தக் கடைல வாங்கின?"

தொக்பே தலையைக் குனிந்து சோற்றைக் கிளறினார்.

"கோழிக்கூட்டுக்குப் பின்னால இருக்கு அண்ணி, அந்தக் கடை" என்றாள் மல்சுன். "நீங்க முக்காலி போட்டு உக்காந்த எடந்தான்."