சொடக்கு மாஸ்டர் சொல்லாமல் வைத்திருந்தது

அந்த சலூனில் மூன்று நாற்காலிகள். நடு நாற்காலிக்குத்தான் எப்போதும் ஆட்கள் காத்திருப்பார்கள். முடி வெட்டி முகம் துடைத்த பிறகு, அங்கே நிற்பவர் வாடிக்கையாளரின் தாடையில் ஒரு கையும் பின்மண்டையில் மறு கையும் வைப்பார். "தலையத் தளர்வா விடுங்க." ஒரு திருப்பு. 'மடக்'கென்று சத்தம். பிறகு மறுபக்கம். இதற்குக் காசு கிடையாது. இதற்காகவே வருகிறவர்கள் உண்டு. இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவர் சம்பாதித்த பெயர் சொடக்கு மாஸ்டர்.

ஓர நாற்காலி அவருடைய தங்கையின் கணவருடையது. வயது முப்பத்தெட்டு. புகை இல்லை, சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. தினமும் கடை மூடும் நேரத்தில் நடு நாற்காலியில் வந்து சாய்ந்துகொள்வார். "எனக்கும் ஒண்ணு எடுத்து விடு மச்சான்."

ஒரு புதன்கிழமையும் அப்படித்தான் எடுத்துவிட்டார். மறுநாள் காலை ஒருவருக்குத் தாடி ஒதுக்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் வலது கையிலிருந்து கத்தி நழுவியது.

"என்ன மாப்ள, தூக்கம் கலையலையா? அவர் மூக்கு பத்திரம்!"

பதிலாக வந்தது வெறும் குழறல். வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது.

முக்கால் மணி நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பக்கவாதம் என்று சொல்லி, உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் போட்ட பெண் மருத்துவர் வரிசையாகக் கேட்டார்: குடிப்பாரா? இதய நோய் உண்டா? கடைசியாக, "கழுத்துல அடி, சுளுக்கு, ஏதாவது?"

"இல்லைங்க" என்றார் மாஸ்டர், தங்கை வாய் திறப்பதற்கு முன்பே.

கழுத்தைத் திருப்பினால் உள்ளே ரத்தக்குழாய் கிழியும் என்று ஒரு வாடிக்கையாளர் எப்போதோ சொல்லியிருந்தார். அப்போது சிரித்துவிட்டு அவருக்கும் ஒரு சொடக்கு எடுத்தவர் இவர். இப்போது அவருக்குச் சந்தேகமே இல்லை. தங்கை புருஷனைத் தன் கையாலேயே படுக்கையில் தள்ளிவிட்டார்.

இதயத்தைப் பார்த்தார்கள், கழுத்தில் சாதாரண ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மாஸ்டர் கடைக்குத் திரும்பினார், சொடக்கை நிறுத்தினார். தோள் வலி என்றார்.

"அப்ப நான் எதுக்கு ரெண்டு தெரு தாண்டி இங்க வர்றேன்?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டு போனார்.

பத்தொன்பதாம் நாள் தங்கை போன் செய்தாள். "அண்ணே, அவருக்கு மறுபடியும் பேச்சு வரல."

கால் மணி நேரத்தில் பேச்சு திரும்பிவிட்டது. ஆனால் அதற்குள் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருந்தார்கள்; மாஸ்டரும் அங்கே வந்துவிட்டார். தங்கை பக்கத்திலேயே நின்றாள். அவளை வைத்துக்கொண்டே மருத்துவரிடம் சொன்னார்: "கழுத்துல சொடக்கு எடுத்தேங்க. முந்தின நாள் சாயங்காலம். தினமும் எடுப்பேன்."

"அன்னைக்கே கேட்டேனே?"

"பொய் சொல்லிட்டேன்."

மருத்துவர் திட்டவில்லை. கிழிசல் இருக்கிறதா என்று பார்க்க, கையில் மருந்து ஏற்றி, கழுத்து ரத்தக்குழாய்களை சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சாயங்காலம் இருவரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"கிழிசல் இல்ல. ஆனா இதப் பாருங்க." மூளைக்குப் போகும் குழாய் கழுத்தில் இரண்டாகப் பிரியும் இடம். உட்சுவரிலிருந்து மெல்லிய தட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. "இதுக்குப் பின்னால ரத்தம் தேங்குது. தேங்கினது உறையுது. துணுக்கு பிச்சிக்கிட்டு மேல மூளைக்குப் போகுது."

"வாஷ்பேசின் குழாய்ல முடி சிக்குற மாதிரியா?"

"கிட்டத்தட்ட. சாதாரண ஸ்கேன்ல இது தப்பிச்சிரும். சின்ன வயசுக்காரங்களுக்குக் காரணமே தெரியாம வர்ற பக்கவாதம் சிலதுல இதுதான் ஒளிஞ்சிருக்கும்."

"அப்ப என் கை?"

"இது உங்க கை பண்ணினது இல்ல. ரொம்ப வருஷமா இருந்திருக்கும், பிறவியிலேயே கூட. அதுக்காக இனிமே யார் கழுத்தையும் திருப்பாதீங்க. நல்ல குழாயும் கிழியலாம்."

மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா இந்தப் படத்த அன்னைக்கே எடுத்திருப்பாங்கல்ல, அண்ணே?"

மருத்துவர் திரையை அணைத்தார்.

அந்தத் தட்டை வெட்டி எடுக்க நாள் குறித்தார்கள். இடையில் நான்கு நாட்கள். தங்கை அவரோடு பேசவில்லை; அவர் வாங்கி வந்த பழத்தைத் தொடவும் இல்லை.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் கழுத்து முடியை எடுக்க நர்ஸ் வந்தார். மாப்பிள்ளை தலையை விலக்கிக்கொண்டார். இடது கையால் மாஸ்டரைக் காட்டினார்.

"மச்சான்... எடுக்கட்டும்."

"கத்தி கூடாது. இந்த மெஷின்தான்" என்றார் நர்ஸ்.

மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. தங்கையைப் பார்த்தார். அவள் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, துண்டை எடுத்துக் கணவனின் தோளில் போர்த்திவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"எடு. ஆனா நான் இன்னும் உன்ன மன்னிக்கல."

"கிருதாவ மட்டும் விட்டுடு மச்சான்" என்றார் மாப்பிள்ளை, குழறலாக.

"வாய மூடு மாப்ள. ஆடாதே" என்று மாஸ்டர் மெஷினை வாங்கிக்கொண்டார்.