கருங்கல்லில் வந்த வாயு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் போர்வெல் தீப்பிடித்தது. குழாய்க்குப் பக்கத்தில் வெல்டிங் வைத்தபோது அதன் வாயில் தீ நீலமாக எரிந்து, தானே அணைந்திருக்கிறது. முதலாளி குமாரசாமி என் அண்ணனின் நண்பர். நான் அப்போது காவிரிப் படுகையில் எரிவாயு தேடும் வேலையில் ஜியாலஜிஸ்ட். பொங்கல் லீவில் ஊருக்கு வந்திருந்த என்னைக் கார் அனுப்பி அழைத்தார்.

"ஏனுங்க மேடம், நம்ம நெலத்துக்கடியில கேஸ் இருக்குதுங்களா? இருந்தா பாய்லருக்கு வெறகே வேண்டாமுங்களே."

அவருக்குப் பொறுமையாகச் சொன்னேன். படுகையில் ஆறும் கடலும் கொண்டுவந்த சேறு அடுக்கடுக்காகப் படிந்து ஷேல் பாறையாகிறது. அதில் புதைந்த செடியும் உயிரும் ஆழத்துச் சூட்டில் வாயுவாக மாறும். அந்தப் பாறை சோர்ஸ் ராக். வாயு அங்கிருந்து கசிந்து மேலேறும். மணற்பாறையின் நுண்துளைகளில் போய்த் தங்கினால் அது ரிசர்வாயர். விரிசல் விட்ட கருங்கல்லும் ரிசர்வாயராகலாம், பக்கத்தில் சோர்ஸ் இருந்தால். திருப்பூரிலோ அடியிலும் சுற்றிலும் வெறும் கருங்கல்தான். சோர்ஸுக்கு வழியே இல்லை.

அவர் முகம் வாடியது. நான் டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கேட் வரை ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். பெயர் ஜெபமணி, தூத்துக்குடிப் பக்கம், செக்கிங் செக்‌ஷனில் வேலை. கம்பெனிக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் குடியிருந்தாள். நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

"கல்லுல இல்லன்னா, அப்பம் அது எங்கயிருந்துக்கா வருது?"

எரிந்தது வாயு, அது எங்கிருந்தோ வந்துதான் இருக்க வேண்டும். எங்கிருந்து வரவில்லை என்று மட்டும் நிரூபித்துவிட்டுக் காரில் ஏறப் போனேன். வெட்கமாக இருந்தது.

தன் வீட்டில் துணி துவைக்கும் இடத்திலும் குமிழி வருகிறது, அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறது என்றாள். போய்ப் பார்த்தேன். சிமெண்ட் தரையின் வெடிப்பில் தேங்கியிருந்த தண்ணீர் விட்டுவிட்டுக் கொப்புளித்தது. ஓரடி தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம், அவளுடைய மண்ணெண்ணெய் அடுப்பு.

குமாரசாமியைக் கூப்பிட்டு, வீடு கட்டுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று கேட்டேன்.

"பெரிய பாழுங்கெணறுங்க. துணி கட்டிங் வேஸ்டும் சாயப்பட்டறைச் சேறும் கொட்டி மூடிட்டோமுங்க."

பஞ்சுத் துணியும் சேறும் காற்றில்லாமல் ஈரத்தில் அழுகினால் மீத்தேன் உண்டாகும். அது பாறை விரிசல் வழியாகப் போர்வெல்லுக்குப் போயிருக்கிறது. மேலே ஆறு குடும்பம் தினமும் சோறு பொங்கிக்கொண்டிருந்தது.

உடனே எல்லா அடுப்பையும் அணைக்கச் சொன்னேன். எல்லாரையும் வேறு இடத்தில் தங்கவைக்க வேண்டும் என்றேன். அவ்வளவு அவசரமா என்று குமாரசாமி இழுத்தார். நான் அவரைக் கூட்டிப்போய் அந்தக் குமிழியின் அருகில் உட்காரவைத்தேன். மத்தியானத்துக்குள் ஆறு குடும்பமும் ஸ்டிச்சிங் ஹாலுக்கு மாறியது. அடுத்த வாரம் வீடுகளை இடித்துக் கிணற்றைத் தோண்டினார்கள். தரைக்குக் கீழே, வீடுகளின் முழு நீளத்துக்கும், சேறு அமிழ்ந்து உண்டான வெற்றிடம் இருந்தது. அதில் வாயு நிறைந்திருந்தது.

இளைய ஜியாலஜிஸ்டுகளுக்கு ஒன்று சொல்வேன். 'இங்கே வாய்ப்பில்லை' என்று எழுதுவது சுலபம். படிப்பு அதற்குப் போதும். அதை எழுதிய பிறகும் எதிரில் ஒன்று எரிந்துகொண்டிருந்தால், ரிப்போர்ட்டை மூடாதீர்கள். அங்கே குடியிருப்பவரிடம் போய்க் கேளுங்கள்.