மூன்றாவது பாட்டில் குரல் உடையும் இடம்

என் மனைவிக்கு இந்த நாட்டில் முதன்முதலில் கிடைத்த சிநேகிதி ஒரு பாட்டுக்காரி. அந்தப் பாட்டுக்காரிக்கு இன்றுவரை அது தெரியாது.

நாங்கள் அப்போது ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இருந்தோம். அவள் காலையில் சப்வே பிடித்து, இரண்டு பஸ் மாறி, ஸ்காபரோவில் பிஸ்கற் பெட்டி அடைக்கும் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போவாள். மெஷின் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காதாம். ஆனாலும் பெட்டிகள் நகரும் லைனுக்கு மேலே கம்பத்தில் ஒரு ரேடியோவைக் கட்டி வைத்திருந்தார்கள். லைனுக்குப் பொறுப்பாக இருந்த நியூபவுண்ட்லாந்துக்காரி கண்ட்ரி பாட்டைத் தவிர வேறொன்றும் வைக்க விடமாட்டாள். காதில் செருகிக்கொள்ள எல்லோருக்கும் இரண்டு மஞ்சள் அடைப்பான் கொடுப்பார்கள். என் மனைவி வலது காதில் மட்டும் செருகிக்கொள்வாள். இடது காது ரேடியோவுக்கு.

இந்த விஷயத்தை அவள் என்னிடம் சொன்னது ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, காது டொக்டரின் அறையில்.

ரேடியோவில் வந்து போன குரல்களில் ஒன்றை அவள் பிடித்துக்கொண்டாள். அந்தப் பாடகி மேற்கே எங்கோ கோதுமையும் மாடும் வைத்திருந்த குடும்பத்துப் பெண். பெரிய அழகி இல்லை. கிற்றாரை இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பதுபோல வைத்திருப்பாள். அவளுடைய பாட்டுகளைக் கேட்டுத்தான் என் மனைவி ஆங்கிலம் பழகினாள். பள்ளிக்கூட ஆங்கிலம் படித்த நான் பாங்கில் போய்த் தடுமாறிக்கொண்டு நிற்க, இவள் முன்னே வந்து, வயலில் டிரக் ஓட்டுகிறவர்கள் கதைப்பதுபோல நாலு வசனம் பேசிக் காரியத்தை முடித்துவிடுவாள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்காது. தவிலும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்த காதுக்கு அது யாரோ மூக்கடைப்போடு முறைப்பாடு சொல்வதுபோல இருந்தது. நான் அந்தப் பாடகியை மாட்டுக்காரி என்பேன். என் மனைவி, “என்ர ஆள்” என்பாள்.

அவளுடைய ஆளைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. சூப்பர் மார்க்கெற்றில் வரிசையில் நிற்கும்போது பத்திரிகையை எடுத்து, நின்றபடியே முழுவதும் வாசித்து, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்துவிடுவாள். பாடகி புருஷனை விட்டுப் பிரிந்தபோது, “உவன் சரியில்லை எண்டு நான் மூண்டாவது அல்பத்திலயே சொன்னனான்” என்றாள். பாடகியின் தாய் இறந்துபோன செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் மச்சம் சமைக்கவில்லை. இறைச்சி வெளியே எடுத்து வைத்திருந்தது. அதைத் திரும்பக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கத்தரிக்காய் வெட்டினாள்.

“என்ன, நீர் அவளுக்குத் துடக்குக் காக்கிறீரோ?” என்று கேட்டேன்.

“தாய் எல்லேப்பா. பேசாமல் சாப்பிடுங்கோ.”

பேசாமல் சாப்பிட்டேன். கத்தரிக்காய் நன்றாகவே இருந்தது.

பிறகு பாடகிக்குக் கெட்ட காலம் வந்தது. கொம்பனி கைவிட்டது. தொண்டையில் சத்திரசிகிச்சை என்றார்கள். பதினொரு வருடம் ஒரு பாட்டும் வரவில்லை. இதற்கிடையில் நாங்கள் மோர்னிங்சைட்டில் வீடு வாங்கி, மகளைப் படிப்பித்து, கட்டிக்கொடுத்து, பிக்கரிங்குக்கு அனுப்பியும் விட்டோம். என் மனைவி பழைய சிடிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். வரவரப் பாட்டின் சத்தம் கூடிக்கொண்டே போனது. நான் எரிச்சல்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் முறைப்படப் போகிறார் என்று கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை என்று எனக்கு உறைக்க ஒரு வருடம் எடுத்தது.

டொக்டர் மூடி மறைக்காமல் சொன்னார். இடது காது ஏறக்குறைய முடிந்துவிட்டது. வலது காதும் இறங்கிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்ல முடியாது. அப்போதுதான் அந்த மஞ்சள் அடைப்பான் கதை வெளியே வந்தது. நான் டொக்டருக்கு முன்னாலேயே அவளை ஏசினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “அது இல்லாட்டி அந்த லைனில நிண்டிருக்க ஏலாதப்பா” என்றாள்.

அந்தப் பனிக்காலத்தில்தான் புது அல்பம் வந்தது. மகள் ஓடி வந்து தாயின் போனில் அதைப் போட்டுக் கொடுத்தாள். “அம்மா, உங்கட லேடி கம்பேக் பண்ணீட்டா! சொந்த வீட்டுக் கிச்சினிலயே ரெக்கோட் பண்ணினதாம்!” என்று வலது பக்கமாக நின்று சத்தமாகச் சொன்னாள். அடுத்த நாள் காலையில் நான் கீழே இறங்கி வந்தபோது என் மனைவி யன்னலோரம் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. ஊரிலிருந்து ஏதோ கெட்ட செய்தி என்று பயந்துபோனேன்.

“ஆர் கதைக்கிறது?”

“என்ர ஆள்.”

பத்துப் பாட்டுகள். மூன்றாவதுதான் என் மனைவியின் பாட்டு. ஒரு மகள் வயதான தாயைக் கொட்டும் பனிக்குள் ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போகிறாள். தாய் மடியில் வைத்து ஒரு தோடம்பழத்தை உரித்து, சுளை சுளையாக மகளின் வாயில் வைக்கிறாள். மெதுவாய் ஓட்டு, எனக்கு அவசரமில்லை என்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்த அவசரமில்லை என்ற இடத்தில் குரல் மேலே போகும். போய், உடைந்துவிடும்.

“உதைத் திரும்ப ஒருக்காப் பாடிப் பதிஞ்சிருக்கலாமே. குரல் போட்டுது உவளுக்கு” என்றேன்.

“அந்த இடம் உடையாட்டி அது பாட்டே இல்லை” என்றாள்.

என் மனைவி தன் தாயை ஒருநாளும் அப்படி எங்கும் கூட்டிக்கொண்டு போகவில்லை. நாங்கள் இங்கே தங்குவதற்கான பேப்பர் கிடைக்காமல் இந்த நாட்டை விட்டு அசைய முடியாமல் இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் அவர் இறந்துபோனார். செத்தவீட்டு வீடியோ நாலு மாதம் கழித்து வந்தது. அவள் அதை ஒரு தடவைதான் பார்த்தாள்.

முப்பது வருடத்தில் என்னிடம் இதைத் தா, அதைத் தா என்று கேட்காதவள் அந்த வாரம் ஒன்று கேட்டாள். “எனக்குக் காது இருக்கேக்கை அவவை ஒருக்கா நேர கேக்கோணும். மேடையிலயும் அந்த இடம் உடையுதோ எண்டு பாக்கோணும்.”

மகள் ரிக்கற் எடுத்துத் தந்தாள். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி, டவுன்ரவுணில் ஒரு பழைய தியேட்டர். அதே ஞாயிறு எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. எங்கள் பக்கத்து ஹோலில், பதினொரு மணிக்கு. தலையைக் காட்டாவிட்டால் ஊர்க்கதை வரும். தலையைக் காட்டிவிட்டுப் போவோம் என்று சொன்னவன் நான்.

“அது மூண்டு மணியப்பா” என்றாள் அவள்.

“மூண்டு எண்டு போட்டால் நாலரைக்குத்தான் மைக்கே செக் பண்ணுவினம். நான் பாக்காத புரோகிராமோ?”

நான் பார்க்காத நிகழ்ச்சி இல்லைதான். எங்கள் ஆட்களின் விழாவுக்குக் குறித்த நேரத்தில் போனால் கதிரை அடுக்குகிறவர்களோடு சேர்ந்து கதிரை அடுக்க வேண்டி வரும். ஆறு மணி என்றால் எட்டு மணி. அதைச் சின்னப் பிள்ளையும் அறியும். உலகம் முழுவதும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் ரொறன்ரோவில் இருந்தும் வெள்ளைக்காரரின் கச்சேரி ஒன்றுக்கு நான் போனதே இல்லை.

ஹோலில் பெண்பிள்ளை மூன்றாவது சேலை மாற்றப் போயிருந்தாள். அவள் வந்து மேடையில் இருந்த பிறகுதான் படம் எடுக்க வரிசை நகரும். படம் எடுக்காமல் போனால் வந்ததற்குச் சாட்சி இல்லை. நின்றோம். சாப்பிட்டுவிட்டுப் போங்கோ என்றார்கள். சாப்பிட்டோம். அவள் சாப்பிடவில்லை, இலையை மூடிவிட்டு மணிக்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று எடுத்த படத்தைப் பிறகு யாரோ வட்ஸப்பில் அனுப்பினார்கள். எல்லோரும் கமராவைப் பார்க்கிறோம். அவள் மட்டும் வாசலைப் பார்க்கிறாள். அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

தியேட்டருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலேகால். உள்ளே போகும் கதவை மூடிவிட்டார்கள். கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண், பாட்டு முடிந்த பிறகுதான் விடலாம் என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். என் மனைவி கதவடிக்குப் போய் வலது காதை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய முகம் மாறியது. உள்ளே நடந்துகொண்டிருந்தது அந்தப் பாட்டு என்று மேள அடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தடித்த பழைய மரக்கதவு. எனக்கே மேளத்தின் இடி மட்டும்தான் கேட்டது. அவள் இரண்டு கையையும் கதவில் விரித்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி நின்றாள். பிறகு கைதட்டல் கேட்டது. கதவு திறந்தது. இன்னும் ஒரு பாட்டு பாடினார்கள். பாடகியின் தொண்டைக்கு அதற்குமேல் டொக்டர் விடவில்லையாம். எல்லோரும் எழுந்து கோட்டைப் போட்டார்கள். சரியாக மூன்று மணிக்குத் தொடங்கிவிட்டார்கள்.

காரில் அவள் என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லி, அதோடு விஷயம் முடிந்திருக்கும். அவள், “நல்ல தியேட்டர்” என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

“அடுத்தமுறை வருவாள்தானே” என்று வீட்டு வாசலில் வைத்துச் சொன்னேன்.

“அவ வருவா” என்றாள். தன்னுடைய காது இருக்குமோ என்று அவள் கேட்கவில்லை. அதை நான்தான் இரண்டு கிழமையாக எனக்குள் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

கோடையில் ஒருநாள் காலை நான் மேலே சவரம் செய்துகொண்டிருந்தேன். கீழே கேத்தில் கூவத் தொடங்கி, கூவிக்கொண்டே இருந்தது. இறங்கி வந்து பார்த்தால், அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறாள். நான் அடுப்பை அணைத்தேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, பிறகு கேத்திலைப் பார்த்தாள். இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினாள்.

காதுக்கு மெஷின் பூட்டினார்கள். அது ஆள் பேசுவதற்கு உதவியது. முகத்தைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகப் பேசினால் விளங்கும். பாட்டுக்கு அது சரிவரவில்லை. “தகரத்தில ஆணி இழுக்கிற மாதிரிக் கிடக்கு” என்று போனை மேசையில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பாட்டு இல்லை. முப்பது வருடம் நான் நிறுத்தச் சொல்லிக் கத்திய சத்தம். அது நின்ற வீட்டுக்குள் எனக்கு இருக்க முடியவில்லை. காரை எடுக்கும்போதெல்லாம் அந்த அல்பத்தைப் போட்டுத் தனியே கேட்கத் தொடங்கினேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

இலை உதிரும் காலத்தில் பாடகி கிங்ஸ்ரனில் பாடுகிறாள் என்று மகள் சொன்னாள். எங்களிடமிருந்து காரில் இரண்டரை மணித்தியாலம். ரிக்கற் எடுக்கச் சொன்னேன்.

“என்னத்துக்கப்பா? எனக்குத்தான் கேளாதே” என்றாள் என் மனைவி.

“பாக்கலாம்தானே. வாரும்.”

நிகழ்ச்சி இரண்டு மணிக்கு. நான் காலை ஏழு மணிக்கே காரை வெளியே எடுத்துவிட்டேன். அவள் என் முகத்தையும் மணிக்கூட்டையும் பார்த்து, “மேடையைக் கூட்டித் துடைக்கவோ போறம்?” என்று கேட்டாள். சித்திரைக்குப் பிறகு அவள் என்னைப் பகிடி பண்ணியது அன்றுதான். ஒன்பதே முக்காலுக்குக் கிங்ஸ்ரனில் நின்றோம். தியேட்டரின் பார்க்கிங்கில் எங்கள் கார் மட்டும்தான். பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியையும் பாணும் சம்பலையும் முடித்துவிட்டு, ஏரியைப் பார்த்துக்கொண்டு நாலு மணித்தியாலம் இருந்தோம்.

முன்வரிசையில் இடம். விளக்கு அணைந்ததும் அவள் மெஷினைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். பாடகி வந்தாள். நரைத்த தலை, கறுப்புக் காற்சட்டை. கிற்றார் மட்டும் பழையபடி இடுப்பில். என் மனைவி சொந்தக்காரரை விமான நிலையத்தில் கண்டதுபோல எழும்பப் பார்த்தாள். கையைப் பிடித்து இருத்தினேன்.

அல்பத்தின் அந்த மூன்றாவது பாட்டு தொடங்கியதும் அவளுடைய முழங்கையில் மூன்று முறை தட்டினேன். தலையை ஆட்டினாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பாடகியின் வாயைப் பார்த்துக்கொண்டே தானும் சொல்லைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். கார் போகிறது. பனி கொட்டுகிறது. தோடம்பழம் உரிபடுகிறது. என்னைத் தவிர வேறு யாரும் அவளுக்காக அதைக் கேட்கப் போவதில்லை. ஒரு சொல்லையும் தவறவிடக் கூடாது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அந்த இடம் வந்தது. பாடகி கண்ணை மூடினாள். குரல் மேலே போனது. என் கன்னம் நனைந்தது. கிழவன் மாட்டுக்காரியின் பாட்டுக்கு அழுகிறான் என்று யாரும் பார்த்திருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

பாட்டு முடிந்து எல்லோரும் கைதட்டினார்கள். என் மனைவி என் பக்கம் திரும்பினாள். தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று இப்போது அவளுக்குத் தெரிவதில்லை.

“உடைஞ்சதோ?” என்று கேட்டாள்.

வலது காதுக்குக் கிட்டவாகக் குனிந்து, என்னால் முடிந்த சத்தத்தில் சொன்னேன். “உடைஞ்சது!”

அவள் விளங்காமல் பார்த்தாள். நான் அவளுக்கு நேரே முகத்தை வைத்து, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகத் திரும்பச் சொன்னேன். அவளுடைய கண் என் வாயில் இருந்தது. பிறகு என் கன்னத்துக்குப் போனது. சேலைத் தலைப்பால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“அப்ப நான் கேட்டிட்டன்” என்றாள்.