சாலம்மாள் அடக்கி வைத்த வாய்

வடக்கனந்தலில் சாலம்மாளின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கம்மி. நடவுக்கு ஏன் தாமதம் என்று கேட்ட பண்ணைக்காரரை, வரப்பிலேயே நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவள். புருஷன் சுப்புராயன் அவளிடம் வாய் கொடுப்பதே இல்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம் மூத்த பெண் பூமாலைக்கு அம்மை போட்டது. எட்டு வயது. அந்த வீட்டில் அம்மை என்றுகூடச் சொல்லக் கூடாது. ஆத்தா வந்திருக்கிறாள், பாயில் படுத்திருப்பது பிள்ளை இல்லை, அவள்தான். வாசலில் வேப்பிலை செருகினார்கள். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தவனைச் சுப்புராயன் விரட்டிவிட்டான். சாலம்மாள் பெற்ற மகளிடமே கை கட்டி, "எளனி குடிக்கிறீங்களா தாயே" என்று கெஞ்சினாள். பன்னிரண்டாம் நாள் ஆத்தா போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கும் அழக் கூடாதாம். அழுதால் கோபித்துக்கொண்டு, இருக்கிற சின்னவள் கண்ணகிக்கும் வந்துவிடுவாளாம். யார் போட்ட சட்டமோ, பெற்ற வயிற்றைக் கேட்டுப் போட்டதில்லை. சாலம்மாள் அழவில்லை. வயலிலும் அவள் சத்தம் நின்றுபோனது.

ஆறு மாதம் கழித்து ஊருக்கு டூரிங் கொட்டகை வந்தது. அம்மன் படம். பார்த்தால் ஆத்தா மனம் குளிரும் என்று சுப்புராயன் அவளை முதல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனான்.

படத்தில் ஒரு பக்தை. "அகிலம் ஆளும் அன்னையே, நின் சித்தம் என் பாக்கியம்" என்று பாதிப் படம் வரை சுத்தத் தமிழில் பேசினாள். சாலம்மாளுக்கு அது காதில் ஏறவே இல்லை. பிறகு அந்தப் பக்தையின் பிள்ளையைப் பாம்பு கடித்தது. அப்போதும் "அன்னையே, நின் அருள்" என்றுதான் ஆரம்பித்தாள். முடிக்க வரவில்லை. "எம் புள்ளய இன்னாடி பண்ண" என்று சிலையைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். கேட்டதும் பயந்து மறுபடி "அன்னையே" என்றாள். மறுபடி "அடிப்பாவி" என்றாள். கும்பிடுகிறவளும் பெற்றவளும் ஒரே தொண்டைக்குள் சண்டை போட்டார்கள். சாலம்மாள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

சினிமா அல்லவா, அம்மன் வந்தாள், பிள்ளை எழுந்தது. கொட்டகையே கன்னத்தில் போட்டுக்கொண்டது. மணல் தரையில் சாலம்மாள் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

சுப்புராயன் அவள் வாயைப் பொத்தினான். "கம்முனு இரு. சின்னது ஒண்ணு இருக்குது நமக்கு. ஆத்தா கேட்டுக்கினு இருக்கா."

அவன் கையைத் தள்ளிவிட்டாள்.

"கேக்கட்டும். கடைசி நாளு, 'பயமா இருக்குது, பேரச் சொல்லிக் கூப்புடும்மா'ன்னு எம் பொண்ணு கேட்டுச்சுய்யா. 'உத்தரவு சொல்லுங்க தாயே'ன்னு நானு கும்புட்டுக்கினு நின்னேன்."